சூல்வென்: மலையைவிட மூத்தது அதன் அடிவாரம்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், சதர்லாந்து மாவட்டத்தின் அசின்ட் வட்டாரத்தில் தனியாக நிற்கிறது சூல்வென் மலை. உயரம் வெறும் 731 மீட்டர். அதே நாட்டின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் 1,345 மீட்டர் என்றால் சூல்வென் எவ்வளவு சிறியது என்று புரியும். ஆனாலும் ஸ்காட்லாந்து மலைகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் மறக்காது. மேற்கே கடலோரத்தில் இருக்கும் லோக்கின்வர் கிராமத்திலிருந்து பார்த்தால், நாலாபுறமும் செங்குத்தாக இறங்கும் ஒற்றைக் கோபுரம் போலத் தெரியும். வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ பார்த்தால் அது இரண்டு கி.மீ. நீளமுள்ள முகடு, நடுவில் ஒரு பள்ளம். கிழக்கே போய்த் திரும்பினால் கூரான ஒரு பல். மூன்றும் ஒரே மலைதான்.

இந்த மலைக்குச் சாலை கிடையாது. லோக்கின்வரிலிருந்து சுமார் பத்து கி.மீ. நடந்தால்தான் அடிவாரமே வரும். அந்தப் பத்து கி.மீ. முழுக்கப் பாறைத் திட்டும், சதுப்பும், சின்னச் சின்ன ஏரிகளும்தான். பெரும்பாலானவர்கள் அந்த நிலத்தை மலைக்குப் போகும் வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். கண் முழுக்கச் சிகரத்தின் மேலேயே இருக்கும். ஆனால் சூல்வெனைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் குனிந்து காலடியைப் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் பாறை மலையைவிட மூத்தது என்பதில் வியப்பில்லை, எங்கும் அப்படித்தான் இருக்கும். இங்கே அந்தப் பாறையின் மேடுபள்ளமும்கூட, அந்த நிலத்தின் வடிவமேகூட, மலையைவிட மூத்தது. மலை உருவாவதற்குக் காரணமான மணல் வந்து விழுவதற்கு முன்பே அங்கே குன்றும் பள்ளத்தாக்கும் இருந்தன.

அந்த அடிப்பாறையின் பெயர் லூவிஸ் நைஸ். சாம்பல் நிறத்தில், வெளிர் வரியும் கரு வரியும் மாறிமாறி ஓடும் உருமாற்றப் பாறை. இதன் மூலப்பொருள் சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பிலிருந்து இறுகியது. பிரிட்டன் தீவுகளில் இருக்கும் மிகப் பழைய பாறைகள் இந்தத் தொகுதியைச் சேர்ந்தவைதான். பிறகு அது 30 கி.மீ. ஆழத்துக்கும் கீழே கண்ட மேலோட்டின் அடிப்பகுதியில் கிடந்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் முழுதாக மாறிப்போனது. நமக்குத் தெரிந்த ஒரு பாறையும் இதே மாதிரி ஆழத்துச் சூழலில் பிறந்ததுதான். சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கும் சார்னோகைட் அது. இரண்டிலும் பைராக்சின் என்ற கனிமத்தைப் பார்க்கலாம். நீர் அற்றுப்போன, மிகச் சூடான ஆழத்தில் பாறை வெந்ததற்கு அது அடையாளம். இரண்டும் ஒரே துண்டு நிலம் என்று சொல்ல வரவில்லை. உலகின் பழைய கண்டங்களின் அடித்தளம் எங்கே வெளியே தெரிந்தாலும், குடும்பச் சாயல் தெரியும்.

அசின்டின் நைஸைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கரும்பாறைச் சுவர்கள் ஓடுகின்றன. பெரும்பாலானவை சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவுகளில் புகுந்து இறுகிய பாறைக்குழம்பு. வடமேற்கு–தென்கிழக்காக, கிட்டத்தட்ட இணையாக அவை நீள்கின்றன. அதன் பின்னும் நிலம் நசுங்கி, நைஸே சில இடங்களில் மெல்லிய ஏடுகளாக அரைபட்டது. சூல்வெனுக்குச் சற்று வடக்கே அப்படி அரைபட்ட ஒரு பட்டை அதே திசையில் ஓடுகிறது. இந்தத் திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பனிக்கட்டி வந்தபோது அதற்கு இது வழிகாட்டியானது.

ஆழத்தில் கிடந்த நைஸ், மேலிருந்தது எல்லாம் அரித்துப் போனதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு வந்தது. இப்போதிலிருந்து சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் அது வெறும் பாறை நிலமாக, மழையிலும் காற்றிலும் திறந்து கிடந்தது. நிலத்தில் ஒரு செடி இல்லை, ஒரு புல் இல்லை. அதிகம் போனால் ஈரமான இடங்களில் நுண்ணுயிர்ப் படலம். அந்த நிலத்தின் மேல் மேற்கிலிருந்து ஆறுகள் வந்தன. அப்போது இந்தப் பகுதி கிரீன்லாந்தோடும் வட அமெரிக்காவோடும் ஒட்டிய லாரென்ஷியா என்ற கண்டத்தின் பகுதி. இன்று அட்லாண்டிக் கடல் இருக்கும் பக்கம் அன்று உயர்ந்த நிலம் இருந்தது.

வேர் பிடித்துக் கரையைக் காக்கச் செடி இல்லாத உலகத்தில் ஆறு எப்படி ஓடும்? ஒரே வாய்க்காலில் நிற்காது. பல இழைகளாகப் பிரிந்து, சேர்ந்து, அகலமான மணல்வெளி முழுக்கப் புரண்டு ஓடும். அப்படிப்பட்ட ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும்தான் டார்ரிடன் மணற்கல். சில இடங்களில் அதன் மொத்தத் தடிமன் ஐந்து கி.மீ.க்கும் மேல் போகிறது. சூல்வெனின் மேற்பாகம் முழுக்க இந்த மணற்கல்தான். செம்பழுப்பு நிறம், கிட்டத்தட்ட கிடைமட்டமான அடுக்குகள், ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் நீரோட்டத்தின் திசையைக் காட்டும் சாய்ந்த கோடுகள். இடையிடையே சிவப்பு ஜாஸ்பர் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. அடியில் இருக்கும் நைஸில் அந்தக் கல்லே கிடையாது. எங்கோ தொலைவிலிருந்து உருண்டு வந்தவை அவை, அவை புறப்பட்ட மலைத்தொடர் இன்று உலகத்திலேயே இல்லை. சில அடுக்குகள் குழம்பிச் சுருண்டு கிடக்கும். ஈரமணல் இறுகுவதற்கு முன் உள்ளிருந்த நீர் திமிறிக்கொண்டு மேலே வந்ததன் தடம் அது.

மணல் வந்து விழுந்த இடம் தட்டையாக இல்லை. பழைய நைஸ் குன்றுகளின் பள்ளங்களை முதலில் நிரப்பி, அப்புறம் குன்றுகளையே மூடியது. தெற்கே மாரீ ஏரிக்கரையில் இருக்கும் ஸ்லியோக் மலையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். சில நூறு மீட்டர் உயரம் கொண்ட பழைய குன்றுகளும் அவற்றின் இடையே இருந்த பள்ளத்தாக்குகளும் மணற்கல்லில் அப்படியே புதைந்து கிடக்கின்றன. அசின்டில் குனியாக், சூல்வென் மலைகளின் அடியிலும் இரண்டு பாறைகளும் சந்திக்கும் கோடு நேராக ஓடாது, ஏறி இறங்கும். சாம்பல் நிறப் பாறை முடிந்து சிவப்புப் பாறை தொடங்கும் அந்தக் கோட்டில் ஒருவர் ஒரு கையை வைத்தால், உள்ளங்கைக்கும் விரல்நுனிக்கும் நடுவே பல கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். அந்தக் காலத்தில் நடந்ததெல்லாம் அரிப்புதான். கணக்கு எழுத ஒரு படிவும் மிஞ்சவில்லை.

அடுத்த அத்தியாயத்தைச் சூல்வென் சொல்லாது, அக்கம்பக்கத்து மலைகள் சொல்லும். கிழக்கே 847 மீட்டர் உயர கேனிஸ்ப் மலையின் முதுகில் வெள்ளைப் பாறை போர்த்தியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பனி படிந்தது போலிருக்கும். அது கேம்பிரியக் கால குவார்ட்சைட். சுமார் 53 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மெல்ல ஏறி நிலத்தை மூடியபோது, ஆழம் குறைந்த கரையோரத்தில் படிந்த தூய மணல். அதன் மேலடுக்கில் செங்குத்தாக நெருக்கமாகக் குழாய்கள் பதிந்திருக்கும். கடலடி மணலில் புழு போன்ற உயிரிகள் தோண்டிய வளைகள் அவை. ஆற்று மணலில் நுண்ணுயிர்கள் மட்டும், கடல் மணலில் வளை தோண்டும் விலங்குகள். ஒரே மலைச்சரிவில் கீழிருந்து மேலே ஏறினால் இந்த மாற்றத்தைக் கடந்துவிடலாம்.

இங்கே ஒரு வடிவியல் விசித்திரம் இருக்கிறது. இன்று மணற்கல் அடுக்குகள் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கின்றன, அவற்றின் மேலிருக்கும் குவார்ட்சைட் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கடலடியில் படிந்த குவார்ட்சைட் ஆரம்பத்தில் மட்டமாக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அன்று மணற்கல்தான் சாய்ந்திருந்தது. ஒரு மரப்பலகையை மேற்குப் பக்கம் சாய்த்து, மேல்பக்கத்தை மட்டமாக இழைத்து, அதன் மேல் இன்னொரு பலகையை ஒட்டி, பிறகு மொத்தத்தையும் கிழக்கே சாய்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பலகை மட்டமாகிவிடும், இரண்டாவது சாய்ந்துவிடும். அசின்டில் நடந்தது இதுதான். சாய்ந்த நிலையில் இழைக்கப்பட்டதால் கிழக்கே போகப்போக மணற்கல் மெலிந்து, ஓரிடத்தில் முற்றாக மறைந்து, குவார்ட்சைட் நேராக நைஸின் மேலேயே உட்காருகிறது. அசின்ட் ஏரியின் பக்கம் இதைப் பார்க்கலாம். சூல்வெனின் மட்டமான அடுக்குகள் யாராலும் தொந்தரவு செய்யப்படாத பாறை என்று எண்ண வைக்கும். உண்மையில் இரண்டு முறை சாய்ந்து பழைய நிலைக்கே திரும்பியவை அவை.

சூல்வெனின் தலையில் அந்த வெள்ளைப் போர்வை இன்று இல்லை. இருந்திருந்தால் கடினமான குவார்ட்சைட் கீழே இருக்கும் மணற்கல்லைக் கொஞ்சம் காத்திருக்கும்.

இந்த வட்டாரம் உலகப் புவியியலில் புகழ்பெற்றது சூல்வெனால் அல்ல, அதற்குத் தென்கிழக்கே இருக்கும் நாக்கன் க்ராக் என்ற பாறைமுகட்டால். அங்கே வெளிர் நிறச் சுண்ணாம்புப் பாறையின் மேல், அதைவிடப் பழைய கருநிற மோயின் பாறை உட்கார்ந்திருக்கிறது. கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்ற அடிப்படை விதியே அங்கே தலைகீழ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. பிரிட்டன் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த ரோடரிக் மர்ச்சிசன், மேலே இருப்பது இளைய பாறைதான், வரிசை குலையவில்லை என்றார். அபர்டீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கல், நிலம் உடைந்து நகர்ந்திருக்கிறது என்றார். மர்ச்சிசனின் பதவிக்கும் செல்வாக்குக்கும் முன்னால் நிக்கலின் குரல் எடுபடவில்லை. அவர் 1879-ல் இறந்தபோதும் பாடப்புத்தகத்தில் மர்ச்சிசன் சொன்னதே இருந்தது. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் திருத்தம் வருவதற்குள் சரியாகச் சொன்னவர் போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு, அது எனக்கு வருத்தமான விஷயமாகவே படுகிறது.

1882, 1883-ல் சார்லஸ் லாப்வொர்த் வடக்கே எரிபோல் பகுதியில் பாறை பாறையாக வரைபடம் எடுத்து, பழைய பாறை பக்கவாட்டில் தள்ளப்பட்டு இளைய பாறையின் மேல் ஏறியிருப்பதைக் காட்டினார். வேலையின் கடுமை அவர் உடல்நலத்தையே குலைத்தது. மர்ச்சிசனின் சீடரும் அப்போது ஆய்வு நிறுவனத்தின் தலைவருமான ஆர்ச்சிபால்ட் கீக்கி, தன் சிறந்த ஆட்களான பென் பீச், ஜான் ஹார்ன் இருவரையும் அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த முடிவும் லாப்வொர்த் சொன்னதே. 1884-ல் கீக்கி வெளிப்படையாக நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். பீச்சும் ஹார்னும் சக ஊழியர்களோடு எழுதிய பெரிய அறிக்கை 1907-ல் வந்தது. அவர்களில் ஒருவரான ஹென்றி கேடல், பெட்டிக்குள் மணலும் களிமண்ணும் அடுக்கி ஒரு பக்கத்திலிருந்து நெருக்கி, அடுக்குகள் உடைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதை நேரிலேயே காட்டினார். இமயமலையில் இன்று நாம் பேசும், ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின் மேல் ஏறும் பெரும் உந்துப் பிளவுகளைப் படிக்கும் முறைக்கு இந்தச் சிறிய ஸ்காட்லாந்து வட்டாரம் ஆரம்பப் பள்ளிகளில் ஒன்று.

நடந்தது இதுதான். சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐயாபெட்டஸ் என்ற பழைய கடல் மூடிக்கொண்டு, ஸ்காண்டிநேவியா இருந்த கண்டம் வந்து மோதியது. கிழக்கிலிருந்த பாறைகள் பல பத்து கி.மீ. மேற்கே தள்ளப்பட்டன. அந்தத் தள்ளல் சூல்வெனுக்குக் கிழக்கிலேயே நின்றுவிட்டது. அசின்டின் மிக உயர்ந்த மலையான 998 மீட்டர் பென் மோர் அந்த நொறுங்கிய பட்டைக்குள் இருக்கிறது. அங்கே பாறைகள் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. சூல்வென் அந்தப் பட்டைக்கு வெளியே, மோதலின் விளிம்புக்கு அப்பால் இருந்ததால்தான் அதன் அடுக்குகள் இவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மலை என்றாலே நிலம் மடிந்து உயர்ந்தது என்று நினைக்கிறோம். சூல்வெனை எதுவும் தனியாக மேலே தூக்கவில்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் திறந்தபோது மேற்கு ஸ்காட்லாந்து முழுவதுமே உயர்ந்தது. பக்கத்து ஸ்கை தீவில் எரிமலைகள் இருந்த காலம் அது. உயர்ந்த நிலத்தை ஆறுகள் வெட்டின. பல கி.மீ. தடிமன் இருந்த மணற்கல் போர்வை கிழிந்து, துண்டு துண்டாகி, அகன்றது. சூல்வென், ஸ்டாக் பாலி, கல் மோர் எல்லாம் அந்தப் போர்வையின் மிச்சத் துண்டுகள். ஒரு மலையின் உச்சியில் நின்று அடுத்த மலையைப் பார்த்தால், இடையில் இருக்கும் வெற்றிடம் முழுக்க ஒரு காலத்தில் பாறையாக இருந்தது என்று மனக்கண்ணில் நிரப்பிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பனிக்கட்டி. சுமார் 26 லட்சம் ஆண்டுகளாகப் பனியுகங்கள் பல முறை வந்து போயின. கடைசிப் பெரும் பனிப்படலம் இந்த நிலத்தை மூடியது சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முன். கிழக்கே இருந்த உயர்நிலத்தில் திரண்ட பனி, மேற்கும் வடமேற்குமாக நகர்ந்து, இன்று மிஞ்ச் நீரிணை இருக்கும் பள்ளத்தில் வேகமான பனி ஓடையாகக் கடலுக்குப் போனது. சூல்வெனின் நீளவாக்கும் அதே திசை. பனி இரு பக்கத்தையும் தேய்த்துக் கடந்ததில் மலை ஒடுங்கி நீண்ட முகடானது. மணற்கல்லில் இயற்கையாக இருந்த செங்குத்து வெடிப்புகள் வழியாகப் பாறை பெயர்ந்ததால் பக்கங்கள் சுவரானது. மேற்கு முனையில் இருக்கும் காஷ்டெல் லியா என்ற உச்சிக்கு மூன்று பக்கமும் செங்குத்து, மேலே போய்விட்டால் புல் படர்ந்த மட்டமான இடம்.

அந்த உச்சிகள் பனிக்கு மேலே தலைநீட்டி நின்றனவா என்ற கேள்வி வெகுநாள் இருந்தது. வடமேற்கு மலைகளில் ஓர் உயரத்துக்குக் கீழே பாறை வழவழவென்று தேய்ந்திருக்கும், மேலே உடைகல்லாகக் கிடக்கும். அந்த எல்லைதான் பனியின் மேல்மட்டம் என்று நினைத்தார்கள். பிறகு எல்லைக்கு மேலே கிடந்த வந்தேறிக் கற்களில், அதாவது பனி வேறிடத்திலிருந்து கொண்டுவந்து போட்ட கற்களில், விண்கதிர் பட்டு உருவாகும் பெரிலியம்-10 என்ற அணுவகையை அளந்து பார்த்து, 2012-ல் வெளியான ஆய்வு வேறு விடை சொன்னது. பனி உச்சிகளையும் மூடியிருந்தது. ஆனால் அங்கே அது பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்ததால் தேய்க்கவில்லை, கீழே அடி உருகி வழுக்கியதால் தேய்த்தது. பனி என்றாலே அரிப்பு என்ற எண்ணத்தை இது மாற்றுகிறது. ஒரே பனிப்படலம் ஓரிடத்தில் செதுக்கும், இன்னோரிடத்தில் பாதுகாக்கும்.

மலையைச் சுற்றியிருக்கும் நிலத்தில் பனியின் வேலை இன்னும் நன்றாகத் தெரியும். மண்ணை வழித்தெடுத்து, நைஸைத் திட்டுத் திட்டாக உருட்டி, இடையில் இருந்த பலவீனமான கோடுகளைத் தோண்டிவிட்டது. பழைய கரும்பாறைச் சுவர்களும் பிளவுகளும் அரைபட்ட பட்டைகளும் ஓடிய இடங்களில் இன்று ஏரிகளும் சதுப்பும் நிரம்பியிருக்கின்றன. ஏரிகள் ஒரே திசையில் நீண்டு கிடப்பதற்குக் காரணம் 240 கோடி ஆண்டுப் பிளவுகள்.

அப்படியானால் இந்த மேடுபள்ளம் பனி செய்ததா, மணலுக்கு முந்தைய பழைய நிலமா? ஆய்வாளர்கள் இதில் முழுதாக ஒத்துப்போவதில்லை. இந்தப் பனியுகங்களில் பனி மூடாத தென்னாப்பிரிக்காவின் நாமக்வாலாந்தின் நைஸ் நிலத்தோடு அசின்டை ஒப்பிட்டு, வெப்பமான காலத்தில் ஆழமாக மக்கிய பாறையைப் பனி வாரிக்கொண்டு போனதால் மிஞ்சியதே இந்தத் திட்டுகள் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்குப் படுவது இது: மணற்கல்லின் விளிம்பை ஒட்டி இருக்கும் நைஸ், மூடியிருந்த நிலம் அப்படியே வெளிவந்தது என்பதில் ஐயம் குறைவு, ஏனென்றால் அதே சரிவு மணற்கல்லுக்குள்ளும் தொடர்ந்து போகிறது. விளிம்பிலிருந்து விலகிப் போகப்போக மக்கலும் பனியும் தங்கள் கையெழுத்தைக் கூடுதலாகப் போட்டிருக்கின்றன. பெரிய குன்றுகளும் தாழ்வுகளும் பழையவை, சின்னப் பள்ளங்கள் புதியவை என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது.

பாறை மனிதர்களையும் இடம் பார்த்து உட்கார வைத்தது. நைஸும் மணற்கல்லும் அமிலத்தன்மையுள்ள மெல்லிய மண்ணைத்தான் தரும். நீர் வடியாமல், பாதி மக்கிய செடிகள் கரிச்சதுப்பாகப் படியும். சுண்ணாம்புப் பாறை இருக்கும் எல்ஃபின், இஞ்ச்னடாம்ஃப் பக்கம் மட்டும் புல் பச்சைப் பசேலென்று இருக்கும். பழுப்பு நிலத்தின் நடுவே அந்தப் பச்சையைப் பார்த்தே பாறை மாறியதைச் சொல்லிவிடலாம். சூல்வெனைச் சுற்றி ஊர் இல்லாததற்கு அந்த மண் முதல் காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களை உள்நிலங்களிலிருந்து கடலோரத்துக்கு வெளியேற்றினார்கள். இன்று வனாந்தரம் என்று நாம் ரசிக்கும் வெறுமையில் அந்த வெளியேற்றத்துக்கும் பங்குண்டு. சூல்வென் அடங்கிய கிளென்கேனிஸ்ப் எஸ்டேட்டை 2005-ல் உள்ளூர் மக்களே ஓர் அறக்கட்டளை அமைத்து வாங்கினார்கள். அசின்ட் உள்ளிட்ட முழு வட்டாரமும் 2004 முதல் புவிப் பூங்காவாக இருக்கிறது. நாக்கன் க்ராக்கில் விளக்கப் பலகைகளோடு நடைபாதை போட்டிருக்கிறார்கள்.

மலைக்குப் போகும் பழைய பாதையில் ஏறுபவர்களின் காலடி கரிமண்ணைக் கிழித்து அகலமான சேற்றுத் தடமாக்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கல் பாவிச் சீரமைத்தார்கள். முகட்டின் நடுப்பள்ளத்துக்கு வடக்குப் பக்கமிருந்து ஏறும் அந்தப் பாதையில்தான் நைஸ் முடிந்து மணற்கல் தொடங்கும் இடத்தைக் கடக்க வேண்டும். அதற்கு மேலே சரிவு சட்டென்று செங்குத்தாகும், காலடியில் உடைந்த சிவப்புக் கல் கூடும். குளிர்காலத்தில் வெடிப்பில் புகுந்த நீர் உறைந்து விரியும்போதெல்லாம் மேலிருந்து கொஞ்சம் மணற்கல் உதிர்கிறது. அது உதிர உதிர முகடு பின்வாங்கும், அதன் அடியில் இன்னும் புதைந்திருக்கும் நைஸ் சரிவு இன்னும் கொஞ்சம் வெளியே வரும்.